முதலில் அடையும் தண்ணீரும்

"ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் மனசு எழும்ப மாட்டேங்குது. என் விசுவாசம் குறைஞ்சிடுச்சா?" சபைகளில் இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் இன்னொரு வசனத்தை எதிர்பார்க்கிறார். நான் அவரை எலியாவிடம் அனுப்புவேன்.

கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்று ஜெயித்தவர் அவர். அப்படிப்பட்டவர், யேசபேல் ராணி சொல்லியனுப்பிய ஒரு மிரட்டலில் நொறுங்கிப்போனார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் தனியே நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் நிதானமாக வாசியுங்கள். கண்டிப்பு இல்லை, பிரசங்கம் இல்லை. எலியா தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடியும் சாப்பாடு. பிறகு 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பின்புதான் கடவுள் அவரிடம் விசாரிக்கிறார். எலியா தன் மனக்குறையைக் கொட்டித் தீர்க்கிறார். அவருக்கு அடுத்த வேலையும், உடன் நடக்க எலிசாவும் கிடைப்பது அதற்கும் அப்புறம்தான்.

இந்த வரிசையைத்தான் நீங்களும் பின்பற்ற வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். துக்கத்தில் தூக்கம் கெட்டுக் கிடக்கிறவர் உபவாசத்துக்கும் முழு இரவு ஜெபத்துக்கும் கிளம்புவதை நான் ஆதரிப்பதில்லை. உடம்பு தேறட்டும், பிறகு போகலாம். வேளைக்குச் சாப்பிடுங்கள், ராத்திரி போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள், காலையில் சின்னதாக ஒரு வேலையை முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாட வாய் வராவிட்டாலும் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். அன்றைக்கு உங்களுக்காகவும் சேர்த்து மற்றவர்கள் பாடுவார்கள்.

வேதம் திறக்க முடிகிற நாளில், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையைத் தேட வேண்டாம். 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறுதலான முடிவு எதுவும் இல்லாமல், இருட்டிலேயே நின்றுவிடுகிற பாட்டு அது. அதையும் ஜெபமாகவே வேதாகமம் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் புலம்பலும் ஜெபந்தான்.

சிரிப்புக்கு வருவோம். துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் நம் சபைகளில் உண்டு. ஆனால் வளனார் என்ற யோசேப்பைப் பாடி 3,615 விருத்தங்களில் தேம்பாவணியைத் தந்த வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து மட்டிச் சீடர்களையும் தந்தார். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்த்தவர்கள், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பியவர்கள் அவர்கள். பக்தியும் சிரிப்பும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் மொழியில் எனக்குத் தெரியவில்லை. குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட்டால் அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான். செத்தான் என்று தூக்கி எடுக்கப்பட்டவனுக்கு உயிர் திரும்பியது. பவுல் மேலே போய், அப்பம் பிட்டுச் சாப்பிட்டு, விடியும் வரை பேச்சைத் தொடர்ந்தார்! வீடே சிரிக்கும். கதையும் மறக்காது.

ஆனால் சிரிப்பை நோகிறவர் தொடங்க வேண்டும், நாம் அல்ல. இறந்த அப்பாவின் குறட்டையைப் பற்றி மகள் சொல்லிச் சிரித்தால் கூடவே சிரியுங்கள். அவள் வாய் திறக்கும் முன்னே வேடிக்கை பேசி அவள் அழுகையை அடைக்காதீர்கள்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. "ஆண்டவருக்குச் சித்தம் இருக்கு" என்று வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். "ஏதாவது வேணும்னா கேளுங்க" என்பதும் பாரத்தை அவர்கள் மேலேயே போடுகிறது. "அக்கா, நாளைக்கு மத்தியானம் சமைக்காதீங்க, நான் கொண்டுவரேன்" என்று சொல்லி, சொன்ன நேரத்தில் போய் நில்லுங்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போதகரிடமும் சொல்லலாம். மாத்திரை வேண்டாம், ஜெபம் போதும் என்று யாராவது சொன்னால், அந்த ஒரு ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள்.