தீபாவளிச் சாமானும் தவணைக் கணக்கும்



தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎல பஜாரில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதினமாக இராது. பதுளையிலிருந்து தெமோதரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற இடமில்லை. உடுப்புக் கடை, பட்டாசுக் கடை, மின்சாரச் சாமான் கடை எல்லாவற்றிலும் எங்கள் சனம்தான். "முற்பணம் கொடுத்திட்டாங்களா?" என்று கடைக்காரர் நம்மைவிட முன்னதாக விசாரித்து வைத்திருக்கிறார். கடை வாசலில் புதுப் பெட்டிகளை அடுக்குகிற நாளும் அதுதான்.

பண்டிகை கொண்டாட வேண்டாம் என்று நாம் எழுதவில்லை. வருடம் முழுக்க அட்டைக் கடியிலும் பனியிலும் கொழுந்து எடுக்கிறவர்கள் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, பிள்ளைகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பதை யார் குறை சொல்ல முடியும்? நமக்கு ஆத்திரம் வருவது வேறு விஷயத்தில். அந்த ஒரு நாளுக்காக, அடுத்த தீபாவளி வந்த பிறகும் முடியாத கடனில் கையெழுத்து வைக்கிறோமே, அதில்தான்.

ஊவாவில் உள்ள நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ச்சல் காற்று அடிக்கும் காலம். அந்த நேரத்துத் தேயிலைக்குத்தான் கொழும்பு ஏலத்தில் நல்ல பெயர். ஆனால் மலையில் கொழுந்து குறைவு, ஆகவே பலருக்குப் பேரும் குறையும். கை காய்ந்திருக்கிற மூன்று மாதம் முடிந்த கையோடு ஐப்பசியில் தீபாவளி வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் முற்பணம் கைக்கு வந்தால் அது ஏதோ வானத்திலிருந்து விழுந்த காசு போலத் தோன்றும். அது நாம் இனிமேல் செய்யப்போகும் வேலையின் சம்பளம். மாதாமாதம் சம்பளச் சீட்டில் வெட்டப்படும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேனாவும் கடதாசியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கைக்காசுக்கு 64,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கையில் அவ்வளவு இல்லை. கடைக்காரர், "பத்தாயிரம் கட்டிட்டு தூக்கிட்டுப் போங்க அண்ணே, மிச்சத்தை மாசம் 3,600 கட்டினாப் போதும், ரெண்டே வருசம்" என்கிறார். கேட்க லேசாக இருக்கிறது. 3,600ஐ 24ஆல் பெருக்குங்கள்: 86,400. முதலில் கட்டிய 10,000ஐயும் சேர்த்தால் 96,400 ரூபா. அதிகமாகப் போனது 32,400. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் பார்த்தால் இந்த 32,400 ரூபா சரியாக 24 பேர். ஒரு மாதத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிய உழைப்பு வட்டிக்கே போய்விட்டது.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. மீதி 54,000 ரூபாவுக்கு வருடத்துக்கு 30 வீதம் வட்டி என்று போட்டால்தான் இந்தக் கணக்கு வரும். ஆனால் ஒரு வருடம் கட்டி முடித்ததும் கடனில் பாதி குறைந்துவிடுகிறதல்லவா? வட்டி குறைவதில்லை. முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்குமே கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள். ஆகவே உண்மையான வட்டி, சொல்கிற வட்டியைவிட மிகவும் கூட.

அதே நாட்சம்பளத்தில் மாதம் 20 பேர் என்றால் 27,000 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 வெட்டினால் 24,840. பிறகு சங்கச் சந்தா, தீபாவளி முற்பண வெட்டு, கடைக்கடன். அதற்குப் பிறகுதான் இந்த 3,600. மழையாலோ காய்ச்சலாலோ ஐந்து பேர் குறைந்தாலும் தவணை குறையாது. 2022ல் மாவும் பருப்பும் விலை ஏறிக் கிடந்தபோதும் தவணை அட்டையில் இருந்த தொகை அப்படியேதான் இருந்தது.

நம் முன்னோர் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். ஆள் எங்கே போனாலும் கடனும் கூடவே போகும். 1921ல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அன்று கடன் சுமந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகவும் கப்பல், பயணச் செலவுக்காகவும் சுமந்தார்கள். நாம் பக்கத்துக் காம்பிராவில் இருப்பதைவிட இரண்டு அங்குலம் பெரிய பெட்டிக்காகச் சுமக்கிறோம்.

ஒரு தாய் எம்மிடம் சொன்னதை இங்கே எழுதுகிறோம். தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து முதல் காசு கட்டினார்கள். "வருசத்துல ஒரு நாளுங்க, புள்ளைக ஆசப்பட்டுச்சு" என்றார். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது மூத்த பிள்ளைக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கக் காசில்லை. உயர்தர வகுப்புக்குப் பதுளைக்குப் போய் வரும் பிள்ளை அது. இரண்டு கிழமை பஸ் காசு இல்லாமல் வீட்டில் நின்றது. நகையை மீட்கத் தவணையும் தவறிவிட்டது. அவர் அழவில்லை, கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆகவே கடைக்குப் போனால் வாயைத் திறந்து கேளுங்கள். கைக்காசுக்கு என்ன விலை? எல்லாத் தவணையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு? ஒரு மாதம் தவறினால் தண்டம் எவ்வளவு, சாமானைத் தூக்கிக்கொண்டு போவார்களா? படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து உங்களுக்கு விளங்காவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். கொடுக்கமாட்டேன் என்கிற கடையில் வாங்கவே வேண்டாம். கூட்டாளி கேட்டார் என்று பிணைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

சாமான் உண்மையிலேயே தேவை என்றால், பொங்கல் முடிந்த கிழமையே தொடங்குங்கள். கிழமைக்கு 500 ரூபா ஒதுக்கினால் தீபாவளிக்குள் 40 கிழமை, 20,000 ரூபா. சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காசைக் கணவன்மார் கையில் கொடுக்காமல் வங்கிப் புத்தகத்தில் போடத்தான் சொல்கிறோம். (கோபிக்க வேண்டாம், அண்ணன்மாரே.)

வாங்குமுன் வீட்டையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் வாழ்கிறவர்கள் நாம். ஒரு லயத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா செட் ஒன்றைத் தவணைக்கு வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கதவைக் கழற்றியும் பார்த்தார்கள். உள்ளே போகவில்லை. இஸ்தோப்பில் போட்டார்கள். தீபாவளி முடிந்ததும் நம் பக்கம் வடகீழ் மழை பிடித்துக்கொண்டது. நாம் போனபோது பஞ்செல்லாம் ஊறி நாறிப்போய், அதன்மேல் விறகு அடுக்கியிருந்தது. மூலையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தவணை இன்னும் எத்தனை என்று கேட்டோம். "பதினேழு மாசம் இருக்குங்க" என்றார் வீட்டுக்காரர்.