ரத்தப் பரிசோதனைத் தாளில் மூன்று எண்கள்



நம்ம வள்ளூர் பக்கம் மூச்சு வாங்கினால் "சாம்பல் தூசு" என்கிறோம். உடம்பு வெளுத்தால் "சத்து இல்லை" என்கிறோம். பிள்ளை கால் வலிக்குதுன்னு அழுதால் "வளர்ற வயசு" என்கிறோம். பல நேரம் அது சரிதான். ஆனால் நம் உறுப்பினர் ஒருவரின் 6 வயது மகனுக்கு மூன்று வாரம் காய்ச்சலும் கால் வலியும் விடவில்லை. அடிபடாமலே தொடையில் நீலத் தழும்பு வந்த பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். தீவிர ரத்தப் புற்றுநோய்!

ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. இந்த நோயில் 'பிளாஸ்ட்' என்ற முதிராத வெள்ளை அணுக்கள் அங்கே பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதனால் முழு ரத்த எண்ணிக்கைத் தாளில் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்:

1. ஹீமோகுளோபின்: பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வெளுப்பு, மூச்சிரைப்பு.

2. தட்டணுக்கள்: 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம். மிகவும் குறைந்தால் ஈறு, மூக்கில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி, அதிக மாதவிடாய்.

3. வெள்ளை அணுக்கள்: பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000. இந்த நோயில் கூடலாம், குறையலாம், சரியாகவும் இருக்கலாம். ஆனால் கிருமியை எதிர்க்கும் நல்ல அணு இருக்காது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்.

டெங்குவிலும் தட்டணு குறையுமே என்று கேட்பீர்கள். உண்மை. எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் 'ஸ்மியர்' பரிசோதனையில் பிளாஸ்ட் தெரியும். பிறகு மஜ்ஜை எடுத்து, 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' செய்து வகையைச் சொல்வார்கள்.

ஏ.எல்.எல்.: குழந்தைகளுக்கு அதிகம். எலும்பு வலி, கழுத்தில் நெறிக்கட்டி வரலாம். முழு சிகிச்சை எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிறார்கள்.

ஏ.எம்.எல்.: பெரியவர்களுக்கு அதிகம். சிலருக்கு ஈறு வீங்கும்.

ஏ.பி.எல்.: ஏ.எம்.எல்.லில் ஒரு வகை. ரத்தக் கசிவால் திடீர் ஆபத்து. ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கலாம். ஆனால் உடனே மருந்து தொடங்கினால் மிக நன்றாகக் குணமாவதும் இதுதான்.

அறிகுறியை வைத்து வகையை நாமே முடிவு பண்ணக் கூடாது. நம் வேலை, சீக்கிரம் போய்ச் சேர்வது. காரணம் தெரியாமல் வலி ஊசியோ ஸ்டீராய்டோ போட்டுக்கொள்ளாதீர்கள். தட்டணு குறைந்தவருக்கு ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும். ஸ்டீராய்டு நோயை மறைத்துவிடும்.

ராயபுரம் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனை, பிள்ளைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கின்றன. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது சிகிச்சையில் இருக்கிறான். "முதல் வாரமே ரத்தம் பார்த்திருக்கலாமே" என்று அவன் அம்மா அழுதார். அந்த அழுகை இன்னொரு வீட்டில் வேண்டாம்.

குழுவில் பேசுங்கள்: நம் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலோடு வெளுத்துப்போய் இருப்பவர் யார்? அவரை நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது யார்?