விடுதி அறையிலிருந்து முதல்வர் நாற்காலிக்கு!



"அரசியல் எல்லாம் தலை நரைச்சவங்களுக்குத்தான்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அவர்களுக்காகவே இந்த முறை ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெயர் பிரபுல்ல குமார் மஹந்தா. மாநிலம் அசாம். பிறந்தது 1952 டிசம்பர் 23. முதலமைச்சராகப் பதவியேற்றது 1985 டிசம்பர் 24. கணக்குப் போட்டுப் பாருங்க, 33 வயது முடிந்து ஒரே ஒரு நாள்!

போராட்டம் எப்படித் தொடங்கியது?

மஹந்தா நவகாவ் மாவட்டத்துக்காரர். குவஹாத்தியில் சட்டம் படித்தார். 1979-இல் அனைத்து அசாம் மாணவர் சங்கத்தின் தலைவரானார். அதே ஆண்டு மங்கள்தோய் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வர இருந்தது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தபோது, நாட்டின் குடிமக்கள் அல்லாதவர்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதாகப் புகார் எழுந்தது. "முதலில் பட்டியலைத் திருத்துங்கள், பிறகு தேர்தல் வையுங்கள்" என்று மாணவர்கள் கிளம்பினார்கள்.

அது ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ முடியவில்லை. ஆறு ஆண்டுகள் நடந்தது! கடையடைப்பு, மறியல், ஊர்வலம். கல்லூரிகள் நடக்காமல் எத்தனையோ பேருக்குப் படிப்பே பாதியில் நின்றது. போராட்டத்தில் உயிர் விட்டவர்கள் 855 பேர் என்று மாணவர் சங்கம் கணக்குச் சொல்கிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1983-இல் போராட்டக்காரர்களின் எதிர்ப்பை மீறித் தேர்தல் நடந்தது. அந்தப் பிப்ரவரி 18 அன்று நெல்லி என்ற இடத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வங்காள வம்சாவளி முஸ்லிம்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். "யார் வெளியாள்?" என்ற கேள்வி கும்பலின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லி ஒரு பாடம்.

ஒப்பந்தமும் வெற்றியும்

1985 ஆகஸ்ட் 15. பிரதமர் ராஜீவ் காந்தி முன்னிலையில் அசாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாணவர் தரப்பில் மஹந்தாவும், பொதுச் செயலாளர் பிருகு குமார் புக்கனும் கையெழுத்திட்டார்கள். அதன் சாரம் இதுதான்:

1. 1966 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்கள் இருக்கலாம்.

2. அதற்குப் பிறகு 1971 மார்ச் 24 வரை வந்தவர்களின் பெயர் 10 ஆண்டுகளுக்கு வாக்காளர் பட்டியலில் இருக்காது.

3. 1971 மார்ச் 25 அன்றும் அதற்குப் பிறகும் வந்தவர்கள் வெளியேற்றப்படுவார்கள்.

அக்டோபரில் கோலாகாட்டில் 'அசாம் கண பரிஷத்' என்ற கட்சி பிறந்தது. டிசம்பரில் தேர்தல். பிறந்து இரண்டே மாதமான கட்சி ஆட்சியைப் பிடித்தது! நேற்று வரை கோஷம் போட்டவர் முதல்வர், கூட நின்ற புக்கன் உள்துறை அமைச்சர். நாடே ஆச்சரியமாகப் பார்த்தது.

சாவி யாரிடம்?

இங்கேதான் நம் குடிமையியல் பாடம் வருகிறது. மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணுகிறோமே, அதன் அர்த்தம் மஹந்தாவின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு நன்றாக விளங்கியது. குடியுரிமை, வெளிநாட்டினர் பற்றிய அதிகாரம் மத்தியப் பட்டியலில் 17-ஆவதாக இருக்கிறது. அதாவது, எந்தப் பிரச்சினைக்காக மக்கள் ஓட்டுப் போட்டார்களோ, அதற்குச் சட்டம் போடும் அதிகாரம் முதல்வருக்குக் கிடையாது!

போதாக்குறைக்கு 1983-இல் நாடாளுமன்றம் அசாமுக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அதன்படி ஒருவர் வெளிநாட்டவர் என்றால், புகார் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மற்ற மாநிலங்களிலோ சந்தேகத்துக்கு ஆளானவர்தான் தான் குடிமகன் என்று நிரூபிக்க வேண்டும். அப்பாவிகளுக்கு இந்தச் சட்டம் பாதுகாப்பு என்றார்கள் ஆதரித்தவர்கள். ஒப்பந்தத்தையே இது முடக்குகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். மஹந்தாவின் கட்சி அதை நீக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது, நடக்கவில்லை. 1996-இல் அவர் மறுபடி முதல்வரானார். அவருடைய கட்சி அப்போது மத்திய அரசிலும் பங்கு வகித்தது. அப்போதும் நடக்கவில்லை!

கடைசியில் அது வேறு வழியில் போனது. அதே மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர் சர்பானந்த சோனோவால் வழக்குத் தொடுத்தார். 2005 ஜூலை 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அப்போது மஹந்தா முதல்வராக இல்லை. 2016-இல் சோனோவாலும் முதல்வரானார்.

இறக்கமும் உண்டு

முதல் ஆட்சி ஐந்தாண்டை நிறைவு செய்யவில்லை. உல்ஃபா தீவிரவாதம் பெருகியதால் 1990 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. தோளோடு தோள் நின்ற புக்கன் 1991-இல் பிரிந்து தனிக்கட்சி கண்டார். 2001-இல் இரண்டாவது ஆட்சியும் போனது. 2005-இல் தான் வளர்த்த கட்சியே மஹந்தாவை வெளியேற்றியது. 2008-இல் திரும்பி வந்தார்.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. குவஹாத்தி ஐ.ஐ.டி. அசாம் ஒப்பந்தத்தில் தந்த வாக்குறுதியால் வந்ததுதான். 1995-இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. நுமலிகர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அப்படி வந்ததே. ஆனால் மூலக் கேள்வி இன்னும் தீரவில்லை. 2019-இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் விடுபட்டது.

நான் கற்றது

இளைஞர்களால் ஆட்சியைப் பிடிக்க முடியும், அதை மஹந்தா காட்டிவிட்டார். ஆனால் கேள்வி கேட்பது வேறு, நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வது வேறு. ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்து "இதைச் செய்வேன், அதைச் செய்வேன்" என்றால், "அந்த அதிகாரம் உங்க கையில இருக்கா?" என்று முதலில் கேட்போம். நமக்கும் சீக்கிரமே 18 வயது ஆகப்போகிறது!

யோசிச்சுப் பாருங்க (விடைகள் அடுத்த தாளில்)

1. காவல்துறை எந்தப் பட்டியலில் வருகிறது?

2. கல்வி எந்தப் பட்டியலில் இருந்து எந்தப் பட்டியலுக்கு, எந்த ஆண்டு மாறியது?

3. சட்டமன்ற உறுப்பினராகக் குறைந்தது எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

– 12-ஆம் வகுப்பு மாணவி