விடை வராத விண்ணப்பம்

ஒரு கணிப்பொறி நிரல், எங்கோ உள்ள மற்றொரு கணிப்பொறியிடம் செய்தி கேட்பதும் கொடுப்பதும் இன்று அன்றாட நிகழ்ச்சி. டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்து, 1991-இல் வெளியான ஹெச்.டி.டி.பி. நெறிமுறையே இதற்கு அடிப்படை. அத்தகைய கோரிக்கையை நிரலில் எழுதும் முறை ஒன்றைக் காண்போம்.

ஜாவா மொழியின் 11-ஆம் பதிப்பில் (2018) இதற்கென ஒரு நூலகம் நிலையாகச் சேர்க்கப்பட்டது. 'நியூபில்டர்' என்று தொடங்கி, 'யூ.ஆர்.ஐ.' என்று முகவரியையும், 'ஹெடர்' என்று தலைக்குறிப்பையும், 'டைம்அவுட்' என்று காத்திருக்கும் நேரத்தையும், 'போஸ்ட்' என்று செய்தியையும் புள்ளி வைத்துக் கோத்துக்கொண்டே சென்று, 'பில்ட்' என்று முடிச்சிடலாம். பூத்தொடுப்பது போன்ற இம்முறைக்கு 2005-இல் மார்ட்டின் ஃபௌலரும் எரிக் எவான்சும் 'ஃபுளூயன்ட் இன்டர்ஃபேஸ்' எனப் பெயரிட்டனர். படிப்பதற்கு வாக்கியம் போலவே இருக்கும். ஆனால் முடிச்சிட்ட பின்னும் எதுவும் புறப்படுவதில்லை. கடிதம் உறைக்குள் போயிற்று, அவ்வளவே. 'சென்ட்' என்றால்தான் அது தபாலில் சேரும்.

விடை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ணலாகாது. 'கேட்டது இங்கில்லை' என்னும் 404-உம், 'எங்கள் பக்கம் கோளாறு' என்னும் 500-உம் விடைகளே. 'சென்ட்' இவற்றைப் பிழையென்று அறிவிக்காது. எண்ணை நாமேதான் பார்க்க வேண்டும்.

விடையே வராவிட்டால்? எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே தெருவில் பலருடைய விண்ணப்பங்களையும் நானே கைப்பேசியில் நிரப்புகிறேன். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்போது பக்கத்து வீட்டு அத்தை கேட்பார்: "போயிருச்சா தம்பி?" இக்கேள்விக்கு நிரலாலும் விடை சொல்ல முடியாது. 'டைம்அவுட்' பத்து வினாடி என்று வைத்தால், பத்தாம் வினாடியில் நம் காத்திருப்புதான் முடிகிறது. விண்ணப்பம் வழியிலேயே நின்றிருக்கலாம். போய்ச் சேர்ந்து, பணமும் பிடிக்கப்பட்டு, விடை மட்டும் திரும்பாமல் இருந்திருக்கலாம். (அந்தச் சொல்லையே விட்டுவிட்டால் ஜாவா எல்லையின்றிக் காத்திருக்கும்!)

'கெட்' என்பது வெறுமனே கேட்பது. எத்தனை முறையும் கேட்கலாம். 'போஸ்ட்' அப்படியன்று. மீண்டும் அனுப்பினால் இரண்டாம் விண்ணப்பமும் இரண்டாம் கட்டணமும் நேரலாம். கூலிக்காரர் வீட்டில் அது ஒருநாள் கூலி.

இதற்கும் வழியுண்டு. கோரிக்கைக்குத் தனி அடையாள எண் ஒன்றைத் தலைக்குறிப்பில் வைத்தனுப்பலாம். அவ்வெண்ணைக் குறித்துவைக்கும்படி எதிர்ப்புற நிரலும் எழுதப்பட்டிருந்தால், அதே எண் மறுபடி வரும்போது புதிதாகப் பதியாமல் பழைய விடையையே தரும். ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் உண்டாக்கினால் பயனில்லை. தொடுக்கத் தொடங்கும் முன்பே ஒருமுறை உண்டாக்கி, மறுமுயற்சியிலும் அதையே அனுப்ப வேண்டும்.