சென்னைக்குக் குடிவரும் இளங்குடும்பம்: பகுதியையும் வீட்டையும் தேர்ந்தெடுக்கும் முறை

சிறு குழந்தையுடன் சென்னைக்குக் குடிவரும் குடும்பங்கள் பொதுவாக வாடகையை முதலிலும், அலுவலகத் தொலைவை அடுத்தும், தண்ணீரைக் கடைசியிலும் விசாரிக்கின்றன. இந்நகரைப் பொறுத்தவரை அவ்வரிசையைத் தலைகீழாக்குவதே தகும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் முதலிய இடங்களை மூழ்கடித்தது. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் நீரில் நின்றன. கார்த்திகையில் படகு வந்த தெருவிலேயே சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க நேரும் ஊரில், ஒரு வீட்டின் தகுதியைத் தண்ணீர் இரு முறை சோதிக்கிறது.

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு ஆகியவற்றை உள்ளடக்கிய பழைய தென்சென்னையில் குடிநீர் வாரியத்தின் குழாயும் பாதாளச் சாக்கடையும் நெடுங்காலமாக உள்ளன. மருத்துவர், மருந்துக்கடை, காய்கறிக்கடை, மழலையர் பள்ளி எல்லாம் நடந்து செல்லும் தொலைவில் அமைகின்றன. தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், காய்ச்சலுற்ற குழந்தையைப் பாட்டியே அழைத்துச் செல்லக்கூடிய தொலைவில் மருத்துவர் இருப்பது, கூடுதல் படுக்கையறையைவிடப் பெரிய வசதியாகும். எனினும் வாடகை மிகுதி. மூன்று மாடி கொண்ட பழைய அடுக்ககங்கள் பலவற்றில் மின்தூக்கி இராது. இரண்டாம் கட்ட மெட்ரோ ரயில் பணிகள் நடைபெறும் தெருக்களில் தூசியும் போக்குவரத்து மாற்றமும் தவிர்க்க முடியாதவை.

இதற்கு நேரெதிரானது ஓ.எம்.ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை. பெருங்குடி முதல் சிறுசேரி வரை நீளும் இத்தகவல் தொழில்நுட்பப் பட்டையில் பெரும் அடுக்ககங்கள் விளையாட்டுத் திடலும் காவலும் சமவயதுக் குழந்தைகளின் கூட்டமும் தருகின்றன. அலுவலகமும் அதே சாலையில் இருக்குமாயின் இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. ஆனால் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டவை. வீடுகள் பெருகிய வேகத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்ப் பாதையும் வரவில்லை. பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியுள்ளமையால், கோடையில் அதன் செலவு பராமரிப்புக் கட்டணத்தின் மீது ஏறுகிறது. ஆகவே வாடகையோடு கடந்த ஏப்ரல், மே மாதங்களின் பராமரிப்பு ரசீதையும் கேட்டுப் பார்த்த பின்னரே இங்குள்ள வீடு மலிவா என்பதைச் சொல்ல இயலும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், தென்சென்னை ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும் இயற்கை வடிகாலாகும். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் ஓரத்து வீட்டை ‘ஏரிக் காட்சி’ என்று விளம்பரம் புகழுமாயின், அந்த ஏரி நிறைந்தால் நீர் எவ்வழியே செல்லும் என்று கேட்பது குடிவருவோரின் உரிமை.

நடுத்தர வருவாய்க் குடும்பத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவது பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்னும் மின்ரயில் வரிசையே ஆகும். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. மழையிலும் நெரிசலிலும் சாலையைவிட நம்பத்தக்க பயணம் இதுவே. ஆயின் ‘தாம்பரம்’ என்ற பெயர் மட்டும் போதாது. கிழக்கே சேலையூர்ப் பக்கமும் மேற்கே அடையாற்றுப் படுகையை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமும் வெள்ளத்தில் ஒன்றல்ல. அண்ணாநகரைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை: வீட்டுவசதி வாரியம் அமைத்த அகன்ற தெருக்கள், பூங்காக்கள், மெட்ரோ நிலையங்கள் யாவும் உண்டு, அதற்குரிய வாடகையும் உண்டு. வேலை அம்பத்தூரிலோ கிண்டியிலோ இருந்தால் தகும், சிறுசேரியில் இருந்தால் தகாது.

பகுதியை முடிவு செய்தபின் வீட்டைப் பார்க்கச் செல்வோர், தரகர் அழைக்கும் ஞாயிறு காலையோடு நில்லாமல், வேலைநாளில் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை அங்கிருந்து அலுவலகம்வரை சென்று பார்த்தல் வேண்டும். வீட்டிற்குள் நுழையுமுன் சாலையை நோக்குதல் நன்று: பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதால் பல தெருக்களில் சாலை உயர்ந்து, வீட்டு வாசல் தாழ்ந்துவிட்டது, அத்தகைய தரைத்தளம் அடைமழைக்கே நிரம்பும். மதிற்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறையும், மார்பளவுக்குமேல் மாற்றிப் பொருத்திய மின்மீட்டர்ப் பெட்டியும் முந்தைய வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லிவிடும். பிறகு குழாயைத் திறந்து கையில் சோப்பு தேய்த்துப் பார்க்கலாம்; நுரை வராவிட்டால் அது உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர். வாளியின் உட்புறம் மஞ்சள் படிந்திருந்தால் இரும்புச் சத்து மிகுதி. நிலத்தடித் தொட்டியாகிய சம்ப்பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கழிவுநீர்த் தொட்டி அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் அப்போது தெரியும்.

வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா என்ற வினாவுக்கு, ஊருக்குப் புதியோரைப் பொறுத்தவரை, ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் கடக்கும்வரை வாடகையே ஏற்றது; கையிருப்பு முழுவதையும் முன்பணமாகச் செலுத்தியபின் தெருவின் இயல்பை அறிவது காலங்கடந்த அறிவு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை வைப்புத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை ஆணையத்தில் பதிவு பெறவும் வேண்டும். பின்னர் வாங்க நேர்ந்தால், வில்லங்கச் சான்றும் பணிமுடிப்புச் சான்றும் பார்ப்பதோடு, விலை எந்தப் பரப்புக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்: வெளிச்சுவர் நீங்கலாக வீட்டிற்குள் புழங்கும் இடமே ‘கார்ப்பெட் ஏரியா’, படிக்கட்டு, மின்தூக்கி, பொது நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்துச் சொல்வது ‘சூப்பர் பில்ட்-அப் ஏரியா’. அடுக்ககம் பழசாகி இடிக்கப்படும் நாளில் கையில் எஞ்சுவது ‘யு.டி.எஸ்’ எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு மட்டுமே என்பதால், பத்திரத்தில் அதன் சதுர அடி எவ்வளவு என்று முதலில் தேடிப் பார்ப்பது நலம்.