புல்லட் இன்ஜினை ஏத்தியாச்சு: இனி பாயிண்ட்டா, எலக்ட்ரானிக்கா?

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 500க்கு உயர் கம்ப்ரஷன் பிஸ்டன், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் எல்லாம் போட்டாயிற்று. இப்போது மேட்டில் ஏறினால் நாக்கிங்; கிக்கரை மிதித்தால் காலையே திருப்பி உதைக்கிறது. பாயிண்ட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்பார் ஒரு மெக்கானிக். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடுங்கள் என்பார் இன்னொருவர்.

இரண்டுக்கும் முன்னால், கோளாறு டைமிங்கில்தானா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும் சைலன்சர் படபடவென வெடித்தால் டைமிங்கைத் தொடாதீர்கள். சைலன்சர் இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கும், இல்லையென்றால் பைலட் ஜெட் சிறிதாக இருக்கும். முழு ஆக்சிலரேட்டரில் திணறினால் மெயின் ஜெட்.

நாக்கிங்கும் கிக்கர் உதையும் வேறு கதை. 6.5:1 கம்ப்ரஷனுக்கு வைத்த அட்வான்ஸ் 8.5:1க்கு அதிகம். நெருக்கி அழுத்திய கலவை வேகமாக எரிவதால், பொறி சற்றுத் தாமதமாக வர வேண்டும். ரொம்பவும் தாமதித்தால் இழுவை போய், சைலன்சர் பைப் நீலம் பாரிக்கும்.

பாயிண்ட்டோடு தொடர நினைத்தால் முதலில் கேப், பிறகுதான் டைமிங். கேப் அகன்றாலே பொறி முந்திவிடும். வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண். டைமிங்கைப் பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே வரும்போது அளக்க வேண்டும்; அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். சாவியைப் போட்டு இன்ஜினை மெல்லச் சுற்றினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் அம்மீட்டர் முள் நடுவுக்குத் துள்ளும். இதற்கு வேறு கருவியே வேண்டாம். பாயிண்ட் கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்க்கில் இரண்டு டிகிரி. எனவே மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள்.

பலர் பார்க்காமல் விடுவது ஆட்டோ அட்வான்ஸ் யூனிட். அதன் எடைகள் துருவேறி விரிந்தபடியே சிக்கிக்கொண்டால், பாயிண்ட்டை எவ்வளவு நகர்த்தினாலும் கிக்கர் உதைக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அட்வான்ஸ் சீக்கிரமே ஏறிவிடும். சுத்தம் செய்து எண்ணெய் விட்டாலே தீர்ந்துபோகும் கோளாறுக்குப் பலர் புது கிட் வாங்குகிறார்கள்.

எலக்ட்ரானிக்கில் தேய்மானம் இல்லை. ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வாங்கும்போது அதன் அட்வான்ஸ் அளவு மாறுமா என்று கேளுங்கள். சாதா இன்ஜினுக்கென ஒரே அளவில் பூட்டிய பெட்டி, ஏத்திய இன்ஜினிலும் பழைய நாக்கிங்கையே தரும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் பெட்டி மக்கர் பண்ணும். சார்ஜிங் சரியில்லாத வண்டிக்கு இது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியென்றால் பாயிண்ட்டே போதும். நடுவழியில் நின்றாலும் உப்புத்தாளால் தேய்த்து ஓட்டிவிடலாம். பழுதான எலக்ட்ரானிக் பெட்டியை அப்படிச் சரிசெய்ய முடியாது. அதற்கு மாறுகிறவர்கள் கழற்றிய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் பழைய இரும்புக்குப் போடாமல் டூல் பாக்ஸிலேயே வைத்திருங்கள்.