'கிராஸ்' - சொல் ஒன்று, கணக்கு மூன்று

'கிராஸ்' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். எந்தக் கிராஸ் என்று கவனிக்க வேண்டும்.

எண்ணிக்கையில்: ஒரு கிராஸ் பென்சில் என்றால் 12 டஜன், அதாவது 144.

எடையில்: சாக்கோடு சேர்த்த எடை. சாக்கைக் கழித்தால்தான் நிகர எடை.

லாபத்தில்: விற்ற தொகையில் அந்தச் சரக்கின் அடக்கவிலையை மட்டும் கழித்தது. வாடகை, சம்பளம், வட்டி போக நிற்பதே நிகர லாபம்.

செக்கில் கோடு போடும் 'கிராஸ்' வேறு சொல். 'குரோசர்' என்ற சொல்லோ, மொத்தமாக விற்பவர் என்ற பொருளில் இதே வேரில் பிறந்தது.

தொழில் தொடங்கிய புதிதில் நாம் கிராஸ் லாபத்தையே சொந்தப் பணமென்று வீட்டுக்கு எடுத்தோம். ஆண்டு முடிவில் கடனே மிஞ்சியது. வணிகர்களே, நிகரம் பார்த்தபின் கல்லாவில் கை வையுங்கள்.